ஐரிஷ் பாட்டனின் ஊரைத் தேட: சந்தாவா, டி.என்.ஏ.வா, ஆள் வைப்பதா?

எங்கள் சம்பந்தி வீடு அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில். ஐரிஷ் வம்சம். போன வருடம் பேத்திக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். எங்கள் பக்கத்துக்கு நான் வாயாலேயே ஐந்து தலைமுறை சொல்லிவிட்டேன். குலதெய்வம், பங்காளிச் சண்டை எல்லாம் சேர்த்து. சம்பந்தியம்மா பக்கத்தில் நாலாவது தலைமுறைக்கு மேல் ஒரே ஒரு சொல்தான் நின்றது: அயர்லாந்து.

அவருக்கு அது உறுத்திவிட்டது. ஒரு வருடச் சந்தா கட்டித் தளத்தில் தேடலாமா, டி.என்.ஏ. பரிசோதனைப் பெட்டி வாங்கலாமா, டப்ளினில் ஆள் வைத்துத் தேடச் சொல்லலாமா, எது சரி என்று என்னிடம் கேட்டார். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. முப்பது வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுக் கொடுத்தவன் நான். பழைய ஏடு, புரியாத கையெழுத்து, ஒரே பெயரில் நாலு பேர் என்பதெல்லாம் எனக்குப் பழகிய தொல்லை. ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் எதையும் முதல் வேலையாக வாங்க வேண்டாம். ஊர்ப் பெயர் கையில் கிடைக்கும்வரை அயர்லாந்துப் பக்கம் தலை வைக்கவே கூடாது. அந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் அமெரிக்கக் காகிதத்தில்தான் ஒளிந்திருக்கும். அதுவும் நாம் தேடுகிற ஆளின் காகிதத்தில் இருக்காது; அவருடைய அக்காள் தம்பிகளின் காகிதத்தில் இருக்கும்.

ஊர்ப் பெயருக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்கலாம். "எனக்குப் புதூர்" என்று ஒருவர் சொன்னால் நாம் எந்தப் புதூர் என்று கேட்போம் இல்லையா? அங்கே அதைவிட மோசம். அயர்லாந்தில் 32 கவுண்டிகள். நம்முடைய மாவட்டம் மாதிரி. அதற்குக் கீழே பங்குகள், அதாவது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதிகள். அதற்கும் கீழே டவுன்லேண்ட் என்ற குட்டிக் குட்டி ஊர்கள், 60,000-க்கும் மேல். பெயரில் டவுன் இருந்தாலும் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில டவுன்லேண்டுகளில் நாலைந்து வீடுகள்தான். கதவு எண், தெருப் பெயர் எதுவும் கிடையாது. ஆளை அடையாளம் காட்டுவது டவுன்லேண்டும் பங்கும் மட்டும்தான். பேட்ரிக் மர்ஃபி என்று ஒருவரைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். மர்ஃபி அந்த நாட்டிலேயே அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர். பேட்ரிக் என்பதோ தெருவுக்கு இரண்டு. "கார்க் கவுண்டி, பேட்ரிக் மர்ஃபி" என்று தேடுவது "மதுரை மாவட்டம், முருகன்" என்று தேடுவதற்குச் சமம்.

அடுத்த சிக்கல், எங்கள் அலுவலகமே எரிந்துபோனால் எப்படி இருக்குமோ அது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும், சில துண்டுகள் தவிர, அதில் போயின. அயர்லாந்துச் சர்ச் என்று சொல்லப்படும் புராட்டஸ்டன்ட் சபையின் பங்குப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயின. உயில்கள் போயின. பலரும் எல்லாப் பழியையும் இந்தத் தீயின் மேல் போட்டுவிடுவார்கள். அது முழு உண்மையில்லை. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசாங்கமே வேலை முடிந்ததும் அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டுக்காகக் கூழாக்கப்பட்டன. ஆக, முழுதாகக் கிடைக்கிற முதல் கணக்கெடுப்பு 1901. அடுத்தது 1911. இரண்டும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். ஆனால் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறியவரை அதில் தேடி என்ன பயன்? அவர் போய் ஐம்பது வருடம் ஆகியிருக்கும். 1841-இல் சுமார் 82 லட்சம் பேர் இருந்த நாடு 1851-இல் 65 லட்சமாகச் சுருங்கியது. பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். இன்று வேர் தேடுகிற ஐரிஷ் அமெரிக்கர்களில் ஏராளமானோர் இந்தக் கூட்டத்தின் வாரிசுகள்.

சரி, இந்தப் பின்னணியோடு சம்பந்தியம்மா கேட்ட மூன்று வழிகளையும் பார்ப்போம்.

சந்தா

ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற பெரிய தளங்கள் இருக்கின்றன. அயர்லாந்துக் கவுண்டி மையங்கள் சேர்ந்து நடத்தும் ரூட்ஸ்அயர்லாந்து இருக்கிறது. வசதி என்னவோ உண்மை. ஆனால் நான் சம்பந்தியம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துதான் கொடுக்கிறீர்களா? அயர்லாந்தின் முக்கியமான ஏடுகள் பெரும்பாலும் இலவசம்.

அரசு நடத்தும் ஐரிஷ்ஜீனியாலஜி தளத்தில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேட்டின் அசல் பக்கங்களே படமாக இருக்கின்றன. 100 ஆண்டு தாண்டிய பிறப்பு, 75 ஆண்டு தாண்டிய திருமணம், 50 ஆண்டு தாண்டிய இறப்பு. ஒரு பைசா கிடையாது. எல்லோருடைய பிறப்பு இறப்பையும் பதிவது 1864 ஜனவரியில்தான் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதவர் திருமணங்கள் மட்டும் 1845-லிருந்து உண்டு. ஒரு எச்சரிக்கை: பிறப்பைக் கெடுவுக்குள் பதியாவிட்டால் தண்டம் என்பதால் தேதியைத் தள்ளிச் சொன்னவர்கள் அதிகம். பிள்ளை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஞானஸ்நானம் ஆனதாக ஏடு சொன்னால் பதற வேண்டாம். பாதிரியார் எழுதியதை நம்புங்கள்.

1864-க்கு முன்னால் என்றால் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுதான் கதி. இவை அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் 1922 தீயில் மாட்டவில்லை. தேசிய நூலகம் மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்திருந்ததை 2015 ஜூலையில் இணையத்தில் திறந்துவிட்டது. 3,70,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள். பெரும்பாலும் 1880 வாக்கில் முடிகின்றன. எங்கே தொடங்குகின்றன என்பது ஊரைப் பொறுத்தது. கிழக்கே வசதியான நகரங்களில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஏடு உண்டு. மேற்கே ஏழைப் பங்குகளில் 1820, 1830 என்று இழுக்கும். சில இடங்களில் பஞ்சத்துக்குப் பிறகுதான்.

அந்தப் பக்கங்களை வாசிப்பது ஒரு தனிக் கலை. பாதி லத்தீன். ஜான் என்பவர் யோவான்னஸ், ஜேம்ஸ் என்பவர் யாக்கோபுஸ், வில்லியம் என்பவர் குலியெல்முஸ், பிரிஜிட் என்பவர் பிரிஜிடா. நம் ஊரில் சவேரியார், இன்னாசி என்று பழகியவர்களுக்கு இந்த விளையாட்டு சட்டென்று பிடிபடும். ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர் எழுதியிருக்கும். ஏதோ சாட்சிக் கையெழுத்து என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள். பத்திரத்தில் சாட்சி போடுகிறவன் யார் என்று பார்த்தாலே பாதி உறவு விளங்கிவிடும், இங்கேயும் அப்படித்தான். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமன்தான்.

அப்புறம் நிலக்கணக்கு. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் தலைமையில் 1847-லிருந்து 1864 வரை நாடு முழுக்க நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி மதிப்புப் போட்டார்கள். கிரிஃபித் மதிப்பீடு என்று பெயர். நம்முடைய சிட்டாவும் அடங்கலும் மாதிரி: டவுன்லேண்ட் வாரியாக அனுபவதாரர் யார், நிலச்சுவான்தார் யார், எத்தனை ஏக்கர், என்ன மதிப்பு. கணக்கெடுப்பு போன நாட்டில் இதுவே கணக்கெடுப்பு வேலையைச் செய்கிறது. இதுவும் இலவசம். ஆனால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவி மக்கள் இல்லை. இதற்கு முந்தைய தலைமுறைக்கு 1823-லிருந்து 1830-கள் வரை போட்ட தசமபாகக் கணக்கு, அதாவது நிலத்துக்காகச் சர்ச்சுக்குக் கட்டிய வரியின் கணக்கு, இருக்கிறது. அதில் நகரங்கள் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் வெறும் பெயர்ப்பட்டியல். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே டவுன்லேண்டில் அப்பா பெயர் மறைந்து மகன் பெயர் வருவது தெரியும்.

அப்படியானால் சந்தா எதற்கு? இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, தேடும் வசதி. தேசிய நூலகத் தளம் படத்தைக் காட்டுமே ஒழிய பெயர் போட்டுத் தேட விடாது. சந்தாத் தளங்களில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இரண்டு, அமெரிக்கப் பக்கக் காகிதங்கள். மார்மன் சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் தளம் இதில் பாதியை இலவசமாகவே தருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தாத் தளங்களில் என்னைப் பயமுறுத்துவது வேறு ஒன்று: மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரங்கள். ஒரு சொடுக்கில் பதினேழாம் நூற்றாண்டு வரை பாட்டன் பூட்டன் வந்து விழுவார்கள். எனக்கு இது போலித் தாய்ப்பத்திரம் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. ஒருவர் தப்பாக ஒட்டியதை நூறு பேர் நகல் எடுத்திருப்பார்கள். நூறு பேர் சொல்வதால் உண்மை என்று நாம் நினைப்போம்.

இதற்கு ஆனி மூர் கதையைவிடச் சிறந்த பாடம் கிடையாது. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் உள்ளே வந்தவள் கார்க்கிலிருந்து இரண்டு தம்பிகளோடு நெவாடா கப்பலில் வந்த ஆனி மூர். எல்லிஸ் தீவிலும் அயர்லாந்தில் கோவ் துறைமுகத்திலும் அவளுக்குச் சிலை உண்டு. அவள் பிறகு டெக்சாஸ் போய்க் குடும்பம் நடத்தி, 1923-இல் டிராம் மோதி இறந்தாள் என்று வருடக்கணக்காக எல்லோரும் நம்பினார்கள். அந்தக் குடும்பத்து வாரிசுகள் விழாக்களுக்கு அழைக்கப்பட்டார்கள். வம்சாவளி ஆராய்ச்சியாளர் மேகன் ஸ்மோலென்யாக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தால், டெக்சாஸ் ஆனி பிறந்ததே அமெரிக்காவில், இலினாயில். உண்மையான ஆனி நியூயார்க்கைத் தாண்டிப் போகவே இல்லை. மீன்சந்தையில் வேலை பார்த்தவரைக் கட்டி, பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பாதியைப் பறிகொடுத்து, 1924-இல் இறந்து, கல் கூட இல்லாத கல்லறையில் கிடந்தாள். 2006-இல்தான் இது வெளிவந்தது. அதற்குத் துப்புக் கொடுத்தது ஆனியின் காகிதம் இல்லை. அவளுடைய தம்பியின் குடியுரிமைப் பத்திரம்.

அக்காள் தம்பி என்று முதலிலேயே சொன்னேனே, அது இதற்காகத்தான்.

டி.என்.ஏ.

எச்சிலைத் துப்பி அனுப்பினால் எங்கள் ஊர் தெரிந்துவிடுமா என்று சம்பந்தியம்மா கேட்டார். ஊர் தெரியாது, உறவு தெரியும். உங்களோடு மரபணுத் துண்டுகளைப் பகிர்ந்துகொள்கிறவர்களின் பட்டியலைத் தருவார்கள். அவர்களில் யாருக்காவது ஊர் தெரிந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பட்டியலில் மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களாகவே இருப்பார்கள். அவர்களுக்கும் தெரிந்தது "அயர்லாந்து" மட்டும்.

கணக்கைப் பாருங்கள். 1850-இல் வந்தவர் இன்று அறுபது வயதில் இருப்பவருக்குப் பாட்டனுக்குப் பாட்டன். அவரிடமிருந்து வந்தது சராசரியாக உடம்பின் மரபணுவில் பதினாறில் ஒரு பங்கு. அவருடைய அண்ணன் அயர்லாந்திலேயே தங்கியிருந்தால், அந்த அண்ணனின் இன்றைய வாரிசு இவருக்கு நாலாவது படி பங்காளி. அந்தத் தூரத்து உறவுகளில் ஏறக்குறையப் பாதிப் பேரோடு மட்டும்தான் பரிசோதனையில் தெரிகிற அளவுக்குப் பொதுவான துண்டு இருக்கும். மீதிப் பேர் ரத்த உறவாக இருந்தும் பட்டியலில் வரமாட்டார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதி கழிந்துவிடுகிறது. ஆகவே பேத்தியின் எச்சிலைவிட சம்பந்தியம்மாவின் எச்சிலுக்கு மதிப்பு அதிகம். அவரைவிட அவருடைய 87 வயதுத் தாயாருடையதற்கு இன்னும் அதிகம். டி.என்.ஏ.வில் அவசரம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். ஏடு காத்திருக்கும், பாட்டி காத்திருக்க மாட்டார்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன; 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. கொடுத்த எச்சில் நம்முடையது மட்டுமில்லை, உடன்பிறந்தவர்களுடையதும்தான். வீட்டில் நாலு பேரைக் கேட்டுவிட்டுச் செய்வது மரியாதை.

என் கணக்கில் டி.என்.ஏ. தனியாக ஒரு வழியே இல்லை. காகிதம் இரண்டு ஊர்களில் கொண்டுபோய் நிறுத்தும்போது எது நம்முடையது என்று தீர்க்கிற மூன்றாவது சாட்சி.

ஆள் வைப்பது

அயர்லாந்தில் தரச்சான்று பெற்ற வம்சாவளி ஆய்வாளர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது. நல்லவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் மணிக்கணக்குக்குக் காசு. ஊர்ப் பெயர் இல்லாமல் போனால் அவர்களும் நாம் தேடிய அதே இடத்தில்தான் தேடுவார்கள். முதல் பத்து மணி நேரம் வீண். ஊர் தெரிந்த பிறகு, இணையத்தில் இல்லாத பண்ணைக் கணக்கு, நிலப்பத்திரம் என்று இறங்கும்போதுதான் அவர்கள் கொடுத்த காசுக்கு வேலை செய்ய முடியும். டப்ளின் கில்டேர் தெருவில் தேசிய நூலகத்திலேயே இலவச வம்சாவளி ஆலோசனை உண்டு என்பதால், சும்மா வழி கேட்பதற்காக ஆள் வைக்கத் தேவையில்லை.

பட்டியலில் இல்லாத நாலாவது வழி

அமெரிக்காவிலேயே தோண்டுவது. சம்பந்தியம்மா இதை ஒரு வழியாகவே நினைக்கவில்லை. "எங்களிடம் இருக்கிற காகிதத்தில் எல்லாம் அயர்லாந்து என்றுதானே இருக்கிறது?" என்றார். இருக்கிற காகிதத்தில் அப்படித்தான் இருக்கும். 1850-லிருந்து அமெரிக்கக் கணக்கெடுப்பில் வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் உண்டு, பிறந்த இடம் "அயர்லாந்து". பழைய கப்பல் பட்டியலிலும் அதே. குடியுரிமைப் பத்திரமும் 1906 செப்டம்பருக்கு முன்பு என்றால் பெரும்பாலும் ராணிக்கு விசுவாசத்தைத் துறக்கிறேன் என்பதோடு முடிந்துவிடும். ஊர்ப் பெயர் எழுதும் படிவம் அதற்குப் பிறகுதான். (எல்லிஸ் தீவு குமாஸ்தா எங்கள் பெயரை மாற்றிவிட்டான் என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. பட்டியலைக் கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவிடும். அந்தக் குமாஸ்தா பாவம்.)

ஊர்ப் பெயர் நழுவி விழுந்திருக்கும் இடங்கள் வேறு. கல்லறைக் கல்லில் "இன்ன பங்கைச் சேர்ந்தவர்" என்று பொறித்திருக்கும். அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்கின் திருமண ஏட்டில் சில பாதிரியார்கள் மணமக்களின் அயர்லாந்துப் பங்கை எழுதிவைத்தார்கள். பாஸ்டன் மறைமாவட்டத்தின் 1789 முதல் 1920 வரையிலான ஏடுகள் படமாக்கப்பட்டிருக்கின்றன. பாஸ்டனில் வெளிவந்த பைலட் என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831-லிருந்து 1921 வரை தொலைந்த உறவுகளைத் தேடும் விளம்பரங்களைப் போட்டது. இன்ன கவுண்டி, இன்ன பங்கு, இன்ன வருடம் வந்திறங்கிய என் தம்பியைக் காணவில்லை, கடைசியாக ரயில்பாதை வேலையில் இருந்தான், தெரிந்தவர்கள் தெரிவிக்கவும். அவற்றைப் படிக்க உட்கார்ந்தால் ஆராய்ச்சி மறந்துபோகும். பெற்றவள் மகனைத் தேடியிருக்கிறாள், பெண்டாட்டி புருஷனைத் தேடியிருக்கிறாள். பாஸ்டன் கல்லூரி இவற்றைத் தேடும் வசதியோடு தொகுத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வங்கி. 1850-இல் நியூயார்க்கில் ஐரிஷ் குடியேறிகளுக்காகத் தொடங்கிய எமிகிரன்ட் சேமிப்பு வங்கி. வாடிக்கையாளரில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வேறு யாராவது வந்து பணத்தை எடுத்துவிடக் கூடாதே என்று, கணக்குத் தொடங்கும்போதே குமாஸ்தா கேள்வி கேட்டு எழுதி வைத்தார்: எந்தக் கவுண்டி, எந்தப் பங்கு, எந்தக் கப்பலில் எப்போது வந்தாய், அப்பா அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், உயிரோடு இருக்கிறார்களா, அண்ணன் தம்பி எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள். மோசடியைத் தடுக்க எழுதியது இன்று நமக்குக் குலமுறைக் கிளத்து. கெர்ரி கவுண்டியில் லான்ஸ்டவுன் பிரபுவின் பண்ணையிலிருந்து 1851-இல் பயணக் கட்டணம் கொடுத்துக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட பஞ்சைகள் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் சேரியில் குடியேறி, சில வருடங்களில் நல்ல தொகை சேமித்தார்கள் என்பது வெளிப்பட்டதே இந்தப் பேரேடுகளால்தான்.

எங்களுக்குக் கதவு திறந்ததும் இங்கேதான். சம்பந்தியம்மாவின் பாட்டனுக்குப் பாட்டன் மாசசூசெட்ஸில் தோல் ஆலைக் கூலி. அவர் எங்கும் ஊரை எழுதவில்லை. அவருக்குக் கல்யாணமாகாத அக்காள் ஒருத்தி நியூயார்க்கில் வீட்டுவேலை செய்தாள் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தது. யாரும் அவளைப் பொருட்படுத்தவில்லை, வாரிசு இல்லாதவள்தானே. அவள் 1850-களில் அந்த வங்கியில் கணக்குத் தொடங்கியிருக்கிறாள். கெர்ரி, பங்கின் பெயர், அப்பா இறந்துவிட்டார், அம்மா ஊரில், தம்பி ஒருவன் மாசசூசெட்ஸில். நான்கு வரி. சம்பந்தியம்மா தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆக வீட்டுவேலைக்குப் போன அத்தை, கல்யாணமாகாத சித்தப்பா, பட்டாளத்தில் செத்த தம்பி ஆகியோரை முதலில் பிடியுங்கள். ஒருவர் ஆஸ்திரேலியா போயிருந்தால் இன்னும் நல்லது: விக்டோரியா மாநிலத்து இறப்புச் சான்றில் 1853-லிருந்தே அப்பா அம்மா பெயரும் பிறந்த ஊரும் உண்டு. அமெரிக்கப் பாட்டனின் ஊர் மெல்பேர்னில் கிடைப்பது அதிசயமில்லை. சென்னை, திருச்சி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஐரிஷ் பாட்டன் உள்ளவர்களுக்கும் இதே நியாயம்தான். பழைய மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட்தான் 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

யாருக்கு எது

நான் சொன்ன வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. 1864-க்குப் பிறகு பிறந்து கப்பலேறியவர் என்றால், பெற்றோர் இருவர் பெயரும் தெரிந்திருந்தால், நேராக இலவசப் பிறப்புப் பதிவேட்டுக்குப் போய்விடலாம். வட அயர்லாந்து என்றால் பெல்ஃபாஸ்ட் பதிவகத்தில் பக்கத்துக்குக் காசு. புராட்டஸ்டன்ட் குடும்பம் என்றால் முதலில் பங்கின் ஏடு 1922-இல் தப்பியதா என்று பார்க்க வேண்டும். ஒபாமாவின் தாய்வழி முன்னோர் ஃபால்மவுத் கேர்னி ஓஃபலி கவுண்டி மனிகால் கிராமத்திலிருந்து 1850-இல் போனவர். அங்கே ஏடு தப்பி உள்ளூரிலேயே இருந்ததால்தான் 2007-இல் பாதிரியாரால் உறுதிசெய்ய முடிந்தது. ஃபால்மவுத் என்ற அபூர்வப் பெயரும் கைகொடுத்தது. எல்லோருக்கும் அப்படிப் பெயர் வாய்க்காது.

பாஸ்போர்ட்டுக்காகத் தேடுகிறவர்கள் தனி. தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் சேர்ந்து குடியுரிமை பெறலாம். அதற்கு வேண்டியது சான்றிதழ்கள் மட்டும், டி.என்.ஏ. செல்லாது. பாட்டனுக்குப் பாட்டன் என்றால் பாஸ்போர்ட் ஆசையை விட்டுவிட்டுக் கதையை மட்டும் தேடலாம்.

வயதை மட்டும் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 1909 ஜனவரியிலிருந்து எழுபது வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தது. 1901 கணக்கெடுப்பில் 56 என்று சொன்னவர் 1911-இல் 71 ஆகியிருப்பார். நம் ஊரிலும் உதவித்தொகைக்கு வயது கூடுவதைப் பார்த்தவன் என்பதால் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பெயரைக் கொஞ்சம் நம்பலாம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று வைப்பது அங்கே வழக்கம். பெயரன்தான் பேரன் ஆனான் என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னபோது, ஓ'சல்லிவன், ஓ'பிரையன் என்பதில் வரும் "ஓ"வுக்கே பேரன் என்றுதான் பொருள் என்றார். "மேக்" என்றால் மகன். ஒலி நம்முடையது மாதிரி இருப்பது தற்செயல். பல குடும்பங்கள் ஆங்கில ஆட்சியில் இந்த "ஓ"வை விட்டுவிட்டுப் பிறகு சேர்த்துக்கொண்டன. ஆகவே தேடும்போது இரண்டு விதமாகவும் தேட வேண்டும்.

எங்கள் நிலவரம் இது. வங்கிப் பேரேட்டிலிருந்து பங்கு கிடைத்தது. பங்கு ஏட்டில் அக்காளுக்கும் தம்பிக்கும் ஞானஸ்நானம் கிடைத்தது. இருவருக்கும் ஞானத்தாய் ஒரே பெண். இதுவரை சந்தா ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினோம். கிரிஃபித் மதிப்பீட்டில்தான் இடிக்கிறது. அந்தப் பங்கில் அப்பாவின் பெயரிலேயே குடும்பத்து ஆட்கள் இருவர், இரண்டு டவுன்லேண்டுகளில். மதிப்பீட்டுக்காரர்கள் அடையாளத்துக்காக ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "சிவப்பு" என்று எழுதியிருக்கிறார்கள். முடியின் நிறமாக இருக்கும். செவத்தையன் மாதிரி. அவர் நம்முடைய ஆளின் அண்ணனா, இல்லை மற்றவரா? மருமகனுக்குத் தாடி மட்டும் சிவப்பு என்று சம்பந்தியம்மா வாதாடுகிறார். அதைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருடைய தாயாரின் எச்சில் போய்ச் சேர்ந்தாயிற்று, முடிவு வர இன்னும் ஐந்து வாரம்.